பதினேழாம் பக்கத்தில் இரண்டு வரி

பத்து மணிக்கு வர வேண்டிய தண்ணீர் பத்தேகாலுக்கு வந்தது. ஆறு நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீருக்குக் கால் மணி நேரத் தாமதம் ஒன்றுமில்லை, ஆனால் பதினொரு மணிக்குள் இரண்டு டிரம்மும் நிறைந்தாக வேண்டும், என் மனைவி பொற்கொடி தன் தங்கை வீட்டுக்கு ராஜபாளையம் போயிருக்கிறாள், ஓஸ் குழாயைப் பிடித்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது, பதினொரு மணிக்குக் கூட்டம். கூட்டம் என்றால் எங்கும் போக வேண்டியதில்லை, கூடத்தில் லேப்டாப் திறந்தே இருக்கிறது, அதன் முன்னால் போய் உட்கார வேண்டும், எட்டுப் பேர் எட்டு ஊரிலிருந்து உட்காருவார்கள், ஜெபமணி சார் பாளையங்கோட்டையிலிருந்து உட்காருவார், உட்கார்ந்து, நான் இனிமேல் வரவில்லை, என் பக்கங்களை யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்பார். அதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும். ஒரு வாக்கியம்தான். சார், அந்த இரண்டு வரியை எடுத்தது நீங்கள் இல்லை, நான். காலையில் குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன், குளியலறையில் நன்றாகத்தான் வந்தது. முதலில் வருகிற தண்ணீர் செம்மண் நிறம், அதை வாசலில் விட்டுவிட்டுத்தான் டிரம்மில் பிடிக்க வேண்டும், ஓஸின் வாயில் விரலை வைத்துப் பார்க்கிறேன், விரல் நுனியில் துருவின் வாடை. விஷயம் தெரிந்து பதினோரு நாள் ஆகிறது. முதல் நாளே சொல்லியிருந்தால் அது வெறும் தகவலாக இருந்திருக்கும். இன்று சொல்கிறவனை இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பார்கள். கேட்க மாட்டார்கள், எங்கள் குழுவில் யாரும் அப்படிக் கேட்கிறவர்கள் இல்லை, கேட்காமலே இருப்பார்கள், அதுதான் மோசம்.

தண்ணீர் தெளிந்துவிட்டது, ஓஸை நீல டிரம்முக்குள் விட்டேன். என்ன கையேடு, யாருக்குக் கையேடு என்று கேட்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம், பொற்கொடிக்கே நாலு வருடமாகப் புரியவில்லை, கடையில் நாள் முழுக்கப் பத்திரம் டைப் அடித்துவிட்டு வந்து வீட்டிலும் டைப் அடிக்கிறீர்களே என்பாள். ஒரு கோப்புறையில் இருப்பதை இன்னொன்றுக்கு, ஒரு ஹார்டு டிஸ்கில் இருப்பதை இன்னொன்றுக்குப் பிசகாமல் படி எடுத்து வைக்கிற மென்பொருள், யாரோ எங்கோ எழுதியது, எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், எவரும் உள்ளே திறந்து திருத்தலாம். அதற்குத் தமிழில் ஒரு பயன்பாட்டுக் கையேடு. நாற்பத்தொரு பக்கம். ஒரு வேலைக்கு ஒரு பக்கம், அதற்கு மேல் போகக் கூடாது, அச்செடுத்துச் சுவரில் ஒட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் எழுதுவார், எல்லாரும் திருத்துவோம், யார் எந்த எழுத்தை மாற்றினாலும் திருத்த வரலாற்றில் அவர் பெயரும் மணியும் பதிவாகும். பிறகு புது ஆள் வாசிப்பு. அது ஜெபமணி சார் கொண்டுவந்த பழக்கம், தொலைபேசித் துறையில் இருந்தபோது புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் குறிப்பைக் கொடுத்து, இதில் என்ன எழுதியிருக்கோ அதை மட்டும் செய் என்பாராம். எங்களில் ஒருவர் ஒன்றும் தெரியாத புது ஆளாக உட்கார வேண்டும். பக்கம் சொல்வதை மட்டும் செய்ய வேண்டும். பொத்தானை அழுத்து என்று எழுதியிருக்காவிட்டால் விரலைத் தூக்கியபடி அப்படியே இருக்க வேண்டும், தெரிந்ததை வைத்து நிரப்பிக்கொள்ளக் கூடாது. தெரிந்தவனுக்கு அது ரொம்பக் கஷ்டம். எனக்கு வந்தது. வேலு மாதிரி ஒண்ணும் தெரியாத ஆள் தமிழ்நாட்டிலேயே கிடையாது என்று நிலோஃபர் சொல்வாள், வாணியம்பாடிப் பெண், எங்கள் கூட்டங்களை நடத்துகிறவள், குழுவில் அது பழைய சிரிப்பு. பதினேழாம் பக்கத்தையும் ஜனவரியில் நான்தான் புது ஆளாகப் படித்தேன். படித்தபோது அந்த இரண்டு வரி இருந்தது. அந்த வரியில் நான் நிஜமாகவே நின்றேன், நின்று இடது பக்கம் எது வலது பக்கம் எது என்று திரும்பிப் பார்த்தேன், ஜெபமணி சாரிடம் போனில் சொன்னேன், சார், இந்த வரி இல்லாவிட்டால் யாராவது மாட்டிக்கொள்வார்கள் என்று. நான் சொன்னதுதான். என் வாயால்.

பதினேழாம் பக்கம் இரண்டு கோப்புறைகளை ஒன்றுபோல ஆக்குவது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. பொத்தானை அழுத்தினால் வலப்பக்கம் அப்படியே இடப்பக்கம் மாதிரி ஆகிவிடும். இடப்பக்கத்தில் இல்லாதது வலப்பக்கத்தில் இருந்தால், அது போய்விடும், குப்பைத் தொட்டிக்குக் கூடப் போகாது. ஆகவே அந்த வரிகள்: பொத்தானை அழுத்தும் முன் நிறுத்துங்கள், உங்கள் கோப்புகள் இருப்பது இடப்பக்கம்தானா என்று பாருங்கள், வலப்பக்கத்தில் மட்டும் இருப்பவை அழிந்துபோகும். அச்சில் இரண்டு வரி. நாள் முழுக்கக் கிழக்கே மேற்கே தெற்கே வடக்கே என்று எல்லை டைப் அடிக்கிறவன் நான், ஒரு திசை மாறினால் ஒரு குடும்பம் கோர்ட்டுக்குப் போகும் என்று தெரிந்தவன். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர் அறையை வாங்கிக்கொண்டு எல்லாரும் நேரில் உட்கார்ந்தோம், சிலரை அன்றுதான் முகம் பார்த்தேன். அச்சுக்குப் பக்கங்களை ஒழுங்குசெய்கிற வேலை. பக்கங்கள் ஜெபமணி சார் உட்கார்ந்திருந்த கணினியில் அவர் பெயரில் திறந்திருந்தன. நாலரை மணிக்கு நாற்பது பக்கம் முடிந்துவிட்டது, பதினேழு மட்டும் இரண்டு வரி வழிந்து அடுத்த தாளுக்குப் போய்விட்டது. சார் எழுந்து போயிருந்தார். நிலோஃபருக்கு ஐந்து மணிக்கு ரயில், மற்றவர்கள் கீழே இறங்கிவிட்டார்கள், அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வராந்தாவில் நின்றாள், முடிஞ்சிதா முடிஞ்சிதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் சாரின் நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுத்தின் அளவைக் குறைத்துப் பார்த்தேன், மற்றப் பக்கங்களோடு ஒட்டவில்லை. படத்தைச் சிறிதாக்கினேன், படத்தில் எழுத்து தெரியவில்லை. பிறகு அந்த இரண்டு வரியைத் தேர்ந்தெடுத்து ஒரு தட்டு. பக்கம் ஏறிக்கொண்டது. கீழே ஒரு விரற்கடை வெள்ளை, மற்ற நாற்பது பக்கத்தைப் போலவே. அப்போது எனக்கு ஏற்பட்டது சந்தோஷம், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, இறுகிய மூடி சட்டென்று திறந்துகொள்வது மாதிரி ஒரு சந்தோஷம். ஒரு சொல்லை மாற்றினாலும் புது ஆள் மறுபடி படிக்க வேண்டும். மாற்றியவனும் நான், படிக்க வேண்டிய புது ஆளும் நான், ஒரே நாற்காலி. நான் படிக்கவில்லை. இடப்பக்கம் எது என்று எனக்குத்தான் தெரியுமே. சாரிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது, நினைத்ததோடு அதைச் செய்து முடித்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி வந்ததும் ஞாபகம் இருக்கிறது.

பிறகு அவரைத் தேடிப் போனேன். அது வேறு விஷயம். அதை இப்போது நினைக்க வேண்டாம்.

தம்பி, என்று மாடி வீட்டுச் சகாயராணி அக்கா மேலிருந்து குரல் கொடுக்கிறார், டிரம்மு நிறைஞ்சு தண்ணி ரோட்டுக்குப் போகுது, நீங்க நின்னுக்கிட்டே தூங்குறீங்க, கம்ப்யூட்டர்ல முழிச்சிருந்து தண்ணிக்கு முன்னால தூங்குற ஆளை இப்பத்தான் பாக்கேன். ஓஸை எடுத்து அடுத்த டிரம்மில் போட்டேன். கால் இரண்டும் நனைந்திருக்கிறது. அக்காவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தேன், என்ன சொன்னேன் என்று தெரியவில்லை. சிரிப்பு எப்போதும்போல வந்தது. பதினோரு நாளாக எல்லாம் எப்போதும்போலத்தான் வருகிறது. பசிக்கிறது, தூக்கம் வருகிறது, செவ்வாய்க்கிழமை கடையில் ஒருவர் பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு வந்தார், ஒரு பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தேன். பத்தரை. அந்த ஆசிரியையும் இந்த ஞாயிற்றுக்கிழமை இந்நேரம் எங்கோ உட்கார்ந்து பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருப்பார். மங்கையர்க்கரசி. தேனிப் பக்கம் காது கேளாத பிள்ளைகளுக்கான ஒரு சின்னப் பள்ளிக்கூடம், பேச்சுப் பயிற்சி கொடுப்பவர். எங்கள் குழுவின் பொது முகவரிக்கு எழுதியிருந்தார். மாதம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் அதே பத்துச் சொற்களைச் சொல்லவைத்துப் பதிவு செய்வார்களாம், அம்மா, பால், மழை, பந்து, இப்படி. பத்தொன்பது பிள்ளைகள், ஆறு வருடம். ஒரு பிள்ளைக்கு 'மழை' வர எத்தனை மாதம் ஆயிற்று என்று பெற்றோருக்குப் போட்டுக் காட்டுவார்களாம், அதைக் கேட்டுத்தான் அவர்கள் பிள்ளையைப் பாதியில் நிறுத்தாமல் அனுப்புகிறார்களாம். பழைய டிஸ்க் சத்தம் போட ஆரம்பித்ததால் புது டிஸ்க் வாங்கி, எங்கள் கையேட்டைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு, சொன்னபடி செய்தார். காலி டிஸ்க் இடப்பக்கம் இருந்தது. பழையது வலப்பக்கம். பொத்தானை அழுத்து என்று நாலாம் படியில் போட்டிருந்தது, அழுத்தினார். ஏழு நொடியில் முடிந்துவிட்டதாம், இவ்வளவு சீக்கிரமா என்று ஆச்சரியப்பட்டாராம். அந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை படித்தேன். மதுரையில் ஒரு கடையில் கொடுத்துப் பார்த்ததில் முந்நூறு பதிவு மீண்டது, குரல்கள் மட்டும்தான் மீண்டன, கோப்புகளின் பெயர்கள் போய்விட்டன, எந்தக் குரல் எந்தப் பிள்ளை, எந்த வருடம் என்று தெரியாது. சாயங்காலங்களில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெயர் வைக்கிறேன், சிலரைத் தெரிகிறது, ரொம்பச் சின்ன வயதில் எல்லாருடைய குரலும் ஒன்றுபோல இருக்கிறது, என்று எழுதியிருந்தார். உங்கள்மேல் குற்றம் சொல்ல எழுதவில்லை, நான்தான் யோசித்திருக்க வேண்டும், அடுத்து செய்கிறவர்களுக்காக அந்த இடத்தில் ஒரு வரி சேர்த்தால் நல்லது. ஒரு வரி. அவர் கோபமாக எழுதியிருந்தால் எனக்கும் ஏதாவது பதில் தோன்றியிருக்கும். அவர்தான் எங்களுக்குக் கிடைத்த முதல் உண்மையான புது ஆள், பக்கம் சொன்னதை மட்டும் செய்தவர்.

அன்று மாலையே ஜெபமணி சார் திருத்த வரலாற்றைத் திறந்து பார்த்திருக்கிறார். பிப்ரவரி, மாலை நாலு நாற்பது, ஜெபமணி, இரண்டு வரி நீக்கம். ஒளிக்கிற மனிதர் இல்லை. எல்லாருக்கும் எழுதினார். எச்சரிக்கை வரியை நானே எழுதி, நானே நீக்கியிருக்கிறேன், ஏன் நீக்கினேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை, நீக்கியதே நினைவில் இல்லை, அந்த ஆசிரியை அம்மாவிடம் தனியே மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். ஒரு மணி நேரம் யாரும் பதில் போடவில்லை. பிறகு நான் போட்டேன். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. நான் எழுதினேன்: யார் நீக்கினார்கள் என்று தேடுவது நம் வழக்கம் இல்லை, பக்கம் நம் எல்லாருடையது, பிழையும் நம் எல்லாருடையது, வரியைத் திரும்பச் சேர்ப்போம், வேலையைப் பார்ப்போம். ஏழு பேரும் கும்பிடும் குறி போட்டார்கள். நிலோஃபர் தனியாக எழுதினாள், அண்ணா, நீங்க எழுதினதைப் படிச்சு அழுகை வந்திடுச்சு. எனக்கும் வந்தது, எழுதும்போதே கண் கலங்கித்தான் எழுதினேன், அந்த நேரத்தில் நான் எழுதியதை நானே நம்பினேன், பொய் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்லியிருந்தால் பரவாயில்லை. வியாழக்கிழமை ரூபி அம்மா போன் செய்தார், ஜெபமணி சாரின் மனைவி. அவர் தூங்குவதில்லை என்றார். கேஸ் அடுப்பை மூடிவிட்டோமா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்க்கிறாராம். பிள்ளைகளின் போன் நம்பரையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, தினம் காலையில் பார்க்காமல் சொல்லிப் பார்க்கிறாராம். அவருடைய அண்ணன் கடைசி நாலு வருடம் பெற்ற மகளையே யாரம்மா நீ என்று கேட்டவர், அந்தச் சீக்கு தனக்கும் வந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார். வருகிற செவ்வாய்க்கிழமை தலையை ஸ்கேன் எடுக்க எழுதி வாங்கியிருக்கிறார். ரூபி அம்மா மெதுவாகத்தான் பேசினார், பக்கத்து அறையில் அவர் இருக்கிறார் போல. நீங்க சொன்னா கேப்பாரு தம்பி, வேலு வேலுன்னு உங்களைத்தான் சொல்லுவாரு, ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொல்கிறேன் அம்மா என்றேன். அந்த ஒரு வார்த்தை என் வாய்க்குள்தான் இருந்தது, போனும் காதில்தான் இருந்தது. வியாழக்கிழமை.

இரண்டாவது டிரம் பாதி. தண்ணீரின் வேகம் குறைந்துவிட்டது, தெருவில் எல்லாரும் மோட்டார் போட்டுவிட்டார்கள். சொல்லிவிடுவேன், அது நிச்சயம், எப்படிச் சொல்வது என்பதில்தான் நின்றுகொண்டிருக்கிறது. நான்தான் எடுத்தேன் சார் என்றால், என் கணினியில் நீ எப்படி என்று கேட்பார். நீங்கள் எழுந்து போயிருந்தீர்கள் சார். எங்கே போயிருந்தேன். இங்கே வந்து நின்றுவிடுகிறது, குளியலறையிலும் இங்கே வந்தபோதுதான் தண்ணீரை வேகமாக மொண்டு ஊற்றிக்கொண்டேன். நினைக்க வேண்டாம் என்றாலும் அந்த மாடி கண்ணுக்கு முன்னால் வந்துவிடுகிறது. நாலு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று போனவர் நாலே முக்கால் வரை வரவில்லை. நான் தேடிப் போனேன். எங்கள் அறை முதல் மாடி. அவர் இரண்டாவது மாடியில் நின்றுகொண்டிருந்தார், பூட்டியிருந்த வேதியியல் அறைக்கு முன்னால், ஒரு கையில் கழுவிய டப்பா, இன்னொரு கை பூட்டின்மேல். சட்டை முதுகு முழுக்க வியர்த்திருந்தது. என்னைப் பார்த்ததும், ஏன் பூட்டிட்டீங்க, எல்லாரும் போயிட்டீங்களோன்னு நினைச்சேன் என்றார். குரல் சின்னப்பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. பிறகு சுற்றும்முற்றும் பார்த்துச் சிரித்தார், எல்லா மாடியும் ஒண்ணுபோலக் கட்டியிருக்கான் பயல் என்றார். நானும் சிரித்தேன். பழக்கமில்லாத கட்டடம், மூன்று மாடியிலும் ஒரே பச்சைக் கதவு, காலையில் நானே கழிப்பறையைத் தேடி ஒரு சுற்றுச் சுற்றினேன், யாருக்கும் நடக்கும். முக்கால் மணி நேரமா. வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றுதான் அவரைத் தேடிப் போனேன், அவர் கையைப் பிடித்துப் படியிறக்கி வரும்போது அது எப்படிச் சொல்வது, கை சில்லென்று இருந்தது, டப்பா கழுவிய ஈரமாக இருக்கலாம். யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. இப்போது நீங்கள் எதையும் மறக்கவில்லை, வரியை எடுத்தது நான் என்று சொல்ல வேண்டுமானால் அந்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார் என்றும் சொல்ல வேண்டும். இதில் ஒரு விஷயம் எனக்குத் தெரியாமல் இல்லை. இந்த முடிச்சு தெரியவந்தபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அவருக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் கிடைத்துவிட்டதே. போன ஞாயிற்றுக்கிழமை அதை வைத்துக்கொண்டு மதியம் நன்றாகத் தூங்கினேன்.

பத்து ஐம்பத்தைந்துக்கு டிரம் நிறைந்தது. குழாயை மூடிவிட்டுக் காலைத் துடைக்காமலே போய் உட்கார்ந்தேன், நாற்காலிக்குக் கீழே தரை ஈரம். ஒவ்வொரு சதுரமாக முகங்கள் வருகின்றன, நிலோஃபர் தலையில் துணியைச் சரிசெய்கிறாள், ஜெபமணி சார் திரையில் நெற்றி மட்டும் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார், ரூபி அம்மாவின் கை குறுக்கே வந்து லேப்டாப்பைச் சரித்துவைக்கிறது, முகம் வருகிறது, பதினோரு நாளில் கன்னம் ஒட்டிவிட்டது, சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறார், வேதக்கோயிலில் ஆராதனைக்குப் போய்விட்டு வந்திருப்பார். பக்கத்துச் சன்னலில் கூட்டக் குறிப்பு திறந்திருக்கிறது, எட்டுப் பேருக்கும் தெரிகிற ஒரே தாள், எட்டுப் பேரும் எழுதலாம், ஒவ்வொருவருக்கும் ஒரு நிறக் குறி, என்னுடையது ஊதா. நிலோஃபர் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். ஒரு தாளைப் பார்த்துப் படித்தார். இத்தனை வருடம் உங்களோடு வேலை செய்தது சந்தோஷம், என்னை நம்பி ஒரு பக்கத்தை இனிமேல் விடுவது சரியில்லை, நான் செய்வது எனக்கே தெரியாமல் போகிறது. நான் மைக்கைத் திறந்தேன். சொல்லிவிட்டேன். குளியலறையில் சொன்ன அதே வாக்கியம், ஒரு சொல் மாறவில்லை.

"சார், அந்த இரண்டு வரியை எடுத்தது நீங்கள் இல்லை, நான். மதுரையில். உங்கள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நான் எடுத்தேன்."

தாளைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்குக் கிட்டே வந்தார், என்னைப் பார்க்கிற மாதிரி, ஆனால் அந்தக் கேமராவில் யாரும் யாரையும் பார்க்க முடியாது, என் தாடைக்குக் கீழே எங்கோ பார்த்தார்.

"அன்னைக்கு நான் எடத்த விட்டு எந்திரிக்கவே இல்லயேப்பா. காலைல உக்காந்தவன். எங்க போயிருந்தேன் நான்?"

நிஜமாகக் கேட்டார். என்னைச் சோதிக்கக் கேட்கவில்லை. பச்சைக் கதவு, பூட்டின்மேல் அந்தக் கை. ரூபி அம்மா அவருக்குப் பின்னால் வந்து நின்றார், சேலைத் தலைப்பு மட்டும் தெரிந்தது. ஏழு முகம். எனக்கு ஒரு நொடி இருந்தது, அந்த ஒரு நொடியில் நான் ஒரு நல்ல காரியம் செய்கிறேன் என்று நினைத்தேன்.

"டீ குடிக்கப் போயிருந்தீங்க சார்."

அவர் சிரித்தார். பதினோரு நாளில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"டீயா? ஏ வேலு, நான் டீய விட்டுப் பன்னெண்டு வருசம் ஆகுதே. வயித்துக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லி விட்டது. பாத்தியா, இது எனக்கு நல்லா ஞாவகம் இருக்கு."

ஆமா தம்பி, இவரு டீ வாடையே புடிக்காத ஆளுல்லா, என்றது ரூபி அம்மாவின் குரல், அதிலும் ஒரு சிரிப்பு. நிலோஃபர் கண்ணைத் துடைத்தாள். யாரோ ஒருவர் கும்பிடும் குறி போட்டார், இன்னொருவர் போட்டார். எனக்காகச் சொல்லுத, தெரியுதுவே, என்றார் ஜெபமணி சார், நீ அப்படித்தான் சொல்லுவேன்னு காலையிலயே இவகிட்ட சொன்னேன், வேலு விட மாட்டான், ஏதாவது சொல்லித் தன் தலையில போட்டுக்குவான்னு. இல்லை சார் என்றேன். அதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது இரண்டாவது மாடியில் இருந்தது. இல்லை சார், நான்தான், நிஜமாகவே நான்தான் என்று இன்னொரு தடவை சொன்னேன், சொல்லும்போதே அது எவ்வளவு நல்லவனுடைய குரலாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது. சரிப்பா, சரி, என்றார் அவர், அழுகிற பிள்ளையைத் தட்டுகிற மாதிரி. செவ்வாய்க்கிழமை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுகிறேன், எதுவானாலும் தெரிந்துகொள்வது நல்லது என்றார். நிலோஃபர் கூட்டக் குறிப்பில் எழுதத் தொடங்கினாள், எழுத்துகள் என் கண் முன்னால் வந்தன: பதினேழாம் பக்கம். வரிகள் நீக்கப்பட்டதற்குத் தாமே பொறுப்பேற்கக் குழந்தைவேலு முன்வந்தார். ஜெபமணி சார் அதை ஏற்கவில்லை. சாரின் பக்கங்களைக் குழந்தைவேலு பார்த்துக்கொள்வார். சரிதானே என்று கேட்டாள். எல்லாரும் சரி என்றார்கள்.

என் ஊதாக் குறியை அந்த வரியின் முடிவுக்குக் கொண்டுபோனேன். மெதுவாக, எல்லாரும் பார்க்கத் தட்டினேன். உண்மையில் நீக்கியது நான்தான். முற்றுப்புள்ளி வைத்தேன். குறி அதன் பக்கத்தில் நின்று துடித்தது. தாளின் கீழேயிருந்து ஒரு பச்சைக் குறி புறப்பட்டது, ஜெபமணி என்று பெயர் தொங்கிக்கொண்டு, வரி வரியாக ஏறி என் வரிக்கு வந்தது, கடைசியில் போய் நின்றது. அவர் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிக்கத் தெரியாதவர் இல்லை, ஆனால் எப்போதும் ஒவ்வொன்றாகத்தான் அழிப்பார். முற்றுப்புள்ளி போயிற்று. ன்-னின் தலையிலிருந்த புள்ளி போயிற்று, பிறகு அந்த எழுத்து. தா, ன், நா. திரையில் அவர் முகம் குனிந்திருந்தது, விசைகளைப் பார்த்துப் பார்த்து அடித்தார், உதட்டில் ஒரு சின்னப் புன்னகை. நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வரி முழுவதும் போனபிறகு நிலோஃபர், பதினெட்டாம் பக்கம் பார்க்கலாமா என்றாள்.